ஐயம் எழுந்தால் ஆசிரியரை அழைக்கவும்

ஜன்னலை மூடாதீங்க தம்பி. வெயில் அடிச்சா அடிக்கட்டும். எனக்குக் காத்து வேணும். மத்தியானத்திலேர்ந்து மூச்சு முட்டுற மாதிரியே இருக்கு. பயப்படாதீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லை. மனசுக்குத்தான்.

நீங்களும் சென்னைதானா? அப்ப சரி. யார்கிட்டயாவது சொல்லலைன்னா இந்த பஸ் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்.

இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கையில வாங்கிப் பாருங்க. சும்மா பாருங்க, விக்கிறதுக்கு இல்லை. 'நிலவியல் வாசல்.' நிலவியல்னா ஜியாலஜி. பாறை, மண்ணு, பூமிக்கு அடியில என்ன இருக்கு, அந்தப் படிப்பு. கீழ பேர் போட்டிருக்கா? 'பேராசிரியர் சிவக்கொழுந்து.' நான்தான். என்ன, ஏற இறங்கப் பாக்குறீங்க? பேராசிரியர்ங்கிறது பதிப்பகத்துல போட்டது. நான் ஒரு டுடோரியல்ல ஒரு வருஷம் தமிழ் நடத்தினேன். அதை எங்க முதலாளி அருணகிரிகிட்ட சொன்னேன். 'இது போதுமே சார்'னுட்டார். மத்தபடி நான் அவர் அச்சகத்துல பிழை திருத்துறவனாச் சேர்ந்தவன். ஒரு தடவை புத்தகம் எழுதித் தர்றேன்னு சொன்ன ஆள் ஏமாத்திட்டார். முதலாளி என்னைப் பார்த்து, 'நீங்கதான் தினம் இதையே படிக்கிறீங்களே, நீங்களே எழுதுங்க'ன்னார். எழுதினேன். அப்படியே ஒட்டிக்கிச்சு.

புதுசா ஒரு படிப்பைத் தொடங்குறவங்களுக்கு முதல் புத்தகம், அதுதான் எங்க வாசல் வரிசை. பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க வாங்குவாங்க, போட்டித் தேர்வு எழுதுறவங்க வாங்குவாங்க, ரிட்டையர் ஆகி வீட்ல உட்கார்ந்திருக்கிறவங்க வாங்குவாங்க. பொருளியல் வாசல், உளவியல் வாசல், வானியல் வாசல், மானிடவியல் வாசல், எல்லாம் அடியேன்தான். லேசுப்பட்ட வேலைன்னு நினைக்காதீங்க. நாலு பெரிய புத்தகத்தைப் பரப்பி வச்சுக்கிட்டு, புரியாததை எல்லாம் தள்ளிட்டு, புரியறதை மட்டும் எழுதணும். எனக்கே புரியாததை வாசகருக்கு எப்படிங்க புரிய வைக்கிறது? அதனால எனக்குப் புரியாத இடம் ஒண்ணுகூட என் புத்தகத்துல இருக்காது. எளிமை, எளிமைன்னு எல்லாரும் பாராட்டுறாங்களே, அது இதுதான்.

தொடக்கம் எப்பவும் ஒரு கேள்வி. 'நீங்கள் என்றாவது ஒரு கல்லைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?' இது நிலவியலுக்கு. தாவரவியல்னா ஒரு இலையை. பொருளியல்னா ஒரு ரூபாய் நோட்டை. கையில பிடிக்கிற பொருள்தான் மாறும். கடைசி அத்தியாயம் மாறவே மாறாது. 'இத்துறையின் எதிர்காலம்.' எந்தத் துறைன்னு பேர் சொல்லாம 'இத்துறை, இத்துறை'ன்னே எழுதிட்டா எல்லாத்துக்கும் பொருந்தும். 'இத்துறையில் ஆழக் கால் பதித்தோர் எவரும் வேலையின்றி வாடியதில்லை.' நல்ல வரி தம்பி அது. படிக்கிறவனுக்கு ஒரு தெம்பு வேண்டாமா?

சிரிக்காதீங்க. பின்னட்டையைத் திருப்புங்க. அடியில பொடி எழுத்துல இருக்கு பாருங்க: 'ஐயம் எழுந்தால் ஆசிரியரை அழைக்கவும்.' பக்கத்துல நம்பர். என் நம்பர். என் சொந்த நம்பர்! என்னை ஒரு வார்த்தை கேட்கலை. வாசகர் நேரா எழுத்தாளர்கிட்ட பேசினா புத்தகம் நல்லா ஓடும்னு முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்காங்க. அவருக்கு ஓடுது. எனக்குத் தூக்கம் ஓடிப் போச்சு.

என்னென்ன போன்லாம் வரும்ங்கிறீங்க? வானியல் படிச்சுட்டு, 'சார், சனிப்பெயர்ச்சி எனக்கு எப்படி இருக்கு?'ம்பாங்க. உளவியல் படிச்சுட்டு தேனியிலேர்ந்து ஒருத்தர், 'என் சம்சாரம் ரெண்டு மாசமாப் பேச மாட்டேங்குறா, இதுக்கு எந்த அத்தியாயம் சார்?'னு கேட்டார். நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வச்சிருந்தேன். 'மூணாவது அத்தியாயத்தை இன்னொரு தடவை நிதானமாப் படிங்க.' எந்தப் புத்தகமா இருந்தாலும் மூணாவது அத்தியாயம் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். படிக்கிறேன் சார்னு வச்சிருவாங்க. திரும்பக் கூப்பிடவே மாட்டாங்க.

இந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சு.

ஜீவிதான்னு பேரு. அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ பரீட்சை முடிச்சுட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த சமயம். முதல் போன்லயே, 'சார், கல்லைக் கையில எடுத்துப் பார்த்தேன்'னுச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. எந்தக் கல்லும்மான்னேன். 'நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க, முதல் வரியில? எங்க காட்டுல கிடந்துச்சு சார், எடுத்தேன். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டு இருக்கு. இது என்ன சார்?'

தம்பி, இத்தனை வருஷத்துல என் முதல் வரியைப் படிச்சுட்டு எழுந்து போய்க் கல்லை எடுத்த ஆள் இது ஒண்ணுதான். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் திக்குனு ஆயிருச்சு. மூணாவது அத்தியாயத்தைப் படிம்மான்னேன். 'படிச்சுட்டேன் சார். அதுல கடல் இருந்த இடம் நிலமா மாறும்னு போட்டிருக்கீங்க. எங்க ஊர்லயும் அப்படித்தானா? எப்ப மாறுச்சு சார்? ஏன் மாறுச்சு?' ஏன் சார், ஏன் சார், ஏன் சார். அந்தப் பொண்ணு வாய்ல ஏன்ங்கிற வார்த்தை இல்லாம ஒரு பேச்சு வந்ததில்லை. நான் பஸ்ல இருக்கேம்மா, நான் மீட்டிங்ல இருக்கேம்மா, டவர் இல்லம்மா... எத்தனைதான் சொல்றது? ஒரு தடவை கூடக் கோவிச்சுக்காது. 'சரி சார், அப்புறம் பண்றேன்'னு சொல்லும். சொன்ன மாதிரியே அப்புறம் பண்ணும்.

அப்புறம் ஒரு நாள், 'சார், உங்க புத்தகம் முழுசா முடிஞ்சு போச்சு. அடுத்து என்ன படிக்கட்டும்?'னு கேட்டுச்சு.

அடுத்து! எங்க வாசல் வரிசையில அடுத்துன்னு ஒண்ணு கிடையாது தம்பி. நாங்க வாசல்ல கொண்டுபோய் விடுறவங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? போனை வைக்கணுமேன்னு, 'அடுத்து காலேஜ்ல போய்த்தான் படிக்கணும்மா'ன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே அது? யாரா இருந்தாலும் அப்படித்தானே சொல்வாங்க? 'நான் படிக்கலாம்ங்கிறீங்களா சார்?'னுச்சு. தாராளமாப் படிம்மான்னு சொல்லிட்டு வச்சேன். அன்னைக்கு நிம்மதியாச் சாப்பிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு அவங்க அப்பா கூப்பிட்டார். கலியமூர்த்தின்னு பேரு. சுண்ணாம்புக்கல் ஏத்துற லாரி ஓட்டுறவர். 'ஐயா வணக்கம்ங்க. எங்க பாப்பாவை நீங்க ஜியாலஜி படிக்கச் சொன்னீங்களாம்ங்க. பாப்பா அதைத்தாங்க படிப்பேன்னு ஒத்தைக்கால்ல நிக்குது'ன்னார். நான் எப்பங்க சொன்னேன்? சொன்னேன்தான். ஆனா அப்படியா சொன்னேன்?

விஷயம் என்னன்னா, அந்தப் பொண்ணுக்கு மார்க் நல்லா வந்திருக்கு. அரசுக் கல்லூரியில பி.காம் சீட்டு கண்டிப்பாக் கிடைக்கும். கலியமூர்த்தியோட மச்சான் ஜெயங்கொண்டத்துல வரிக்கணக்கு ஆபீஸ் வச்சிருக்கார். மருமக பி.காம் முடிச்சா மறுநாளே தன்கிட்ட வேலைக்கு வச்சுக்கிறதா வாக்குக் குடுத்திருக்கார். வேற ஏதாவது எடுத்தா நான் பொறுப்பில்லைன்னுட்டார். கல்லூரியில கவுன்சிலிங் அன்னைக்கு மேஜை முன்னாடி நின்னு எந்தப் படிப்புன்னு சொல்லணும். சொன்னா சொன்னதுதான்.

'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க'ன்னார். 'நான் கல்லை ஏத்தி இறக்குறவன். நீங்க அதைப் பத்திப் புத்தகமே எழுதினவர். கடைசி அத்தியாயத்தைப் பாப்பா எனக்குப் படிச்சுக் காட்டுச்சுங்க. யாரும் வேலையில்லாம வாடினதில்லைன்னு போட்டிருக்கீங்க. அன்னைக்கு நீங்க ஒரு எட்டு நேர்ல வந்து பக்கத்துல நின்னீங்கன்னா எனக்குத் தெம்பா இருக்கும். எங்க குடும்பத்துல காலேஜ் வாசல் மிதிச்சவங்க யாரும் இல்லைங்க ஐயா.'

நான் என்ன பண்ணுவேன்? முதலாளிகிட்ட ஓடினேன். 'சார், ஜியாலஜி படிச்சா வேலை கிடைக்குமா?'ன்னேன். 'கிடைக்கும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?'ன்னார். 'அது இல்ல சார், நிஜமாவே'ன்னேன். 'அது எனக்கு எப்படிய்யா தெரியும்?'னு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டார். என் சகலைகிட்ட கேட்டேன், வங்கியில இருந்தவர். அவர் அப்படி ஒரு படிப்பு இருக்கான்னு திருப்பி என்னைக் கேட்டார். கல்லூரிக்கே போன் போட்டுக் கேட்டிருக்கலாமேன்னு நீங்க நினைக்கலாம். என்னன்னு கேட்கிறது? 'புத்தகம் எழுதினவன் பேசுறேன், இந்தப் படிப்புக்கு வேலை இருக்குங்களா?'ன்னா? நல்லாவா இருக்கும்?

போகாம இருந்திருக்கலாம். சளி, காய்ச்சல்னு ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். மனசு கேட்கலை தம்பி. 'ஐயா வந்தா எங்களுக்குப் பெருமைங்க'ன்னார். என்னை அப்படி யார் கூப்பிட்டிருக்காங்க? இந்தச் சட்டையைக்கூட நேத்துப் பெட்டி போட்டு எடுத்து வச்சேன்.

இன்னைக்குக் காலையில போய் இறங்கினேன். அப்பாவும் பொண்ணும் கல்லூரி கேட்டுலயே நின்னாங்க. அந்தப் பொண்ணு ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா இருக்கு. பையைத் திறந்து அந்தக் கல்லை எடுத்து என் கையில வச்சுச்சு. 'போன்ல சொன்னேனே சார், இதுதான்.' நல்ல கனம். உள்ளங்கை கொள்ளாத அளவு, சுருள் சுருளா வரி ஓடி, பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்குது. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'நல்ல கல்லும்மா'ன்னேன். வேற என்ன சொல்ல? அதுக்கே முகமெல்லாம் மலர்ந்து போச்சு. அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்குது.

பெரிய ஹால். சத்தம்னா அப்படிச் சத்தம். ஃபேன் சுத்துது, காத்து வரலை. மேஜையில ஒருத்தர் சர்டிபிகேட் பார்க்கிறார், ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஏத்துறார், பக்கத்துல ஒவ்வொரு துறையிலேர்ந்தும் வாத்தியாருங்க உட்கார்ந்திருக்காங்க. இந்தப் பொண்ணு பேரைக் கூப்பிட்டாங்க. மூணு பேரும் போனோம். 'எந்த கோர்ஸும்மா?' 'ஜியாலஜி சார்.' கம்ப்யூட்டர்ல இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கலை. 'பி.காம்ல இன்னும் கொஞ்சம் சீட்டுதான் இருக்கு. இந்த ரேங்குக்குக் கிடைக்கும். பின்னாடி மாத்தித் தாங்கன்னு வந்து நிக்கக் கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க'ன்னார்.

ஓரமா உட்கார்ந்திருந்த ஒருத்தர் எழுந்து வந்தார். ஜியாலஜி துறைப் பேராசிரியராம். நிஜப் பேராசிரியர். அவர் துறைக்கு அதுவரைக்கும் ஆளே சேரலை போல. பொண்ணு கையில இருந்த கல்லைப் பார்த்தவர் அப்படியே நின்னுட்டார். 'இது எங்கம்மா கிடைச்சுது?'ன்னார். 'எங்க காட்டுல சார்.' 'அடேயப்பா'ன்னு கையை நீட்டி வாங்கிக்கிட்டார். அந்தப் பொண்ணு ஏதோ கேட்க வாயைத் திறந்துச்சு. அதுக்குள்ள கலியமூர்த்தி என்னை முன்னாடி தள்ளி, 'ஐயாதான் சார் நிலவியல் புத்தகம் எழுதினவர். பேராசிரியர் சிவக்கொழுந்து. சென்னையிலேர்ந்து எங்களுக்காகவே வந்திருக்கார்'ன்னார். ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார் தம்பி. 'ரொம்பச் சந்தோஷம் சார். எந்தக் கல்லூரியில இருந்தீங்க? இந்தக் கல்லைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?'ன்னார்.

எதுக்குங்க அதெல்லாம்? அது ஊர்க்கதை பேசுற இடமா? பின்னாடி எத்தனை பிள்ளைங்க வரிசையில நிக்குது! அவரைப் பார்த்தாலே தெரியுது, பேச ஆரம்பிச்சா விடுற ஆள் இல்லைன்னு. 'நம்ம துறையில படிச்ச பிள்ளைங்க இப்ப...'ன்னு ஏதோ தொடங்கினார். நான் பார்த்தேன். எனக்கு வேர்த்து ஊத்துது. கலியமூர்த்தி, 'ஐயா நீங்களே சொல்லுங்கய்யா'ங்கிறார். பொண்ணு என்னையே பார்க்குது. கம்ப்யூட்டர்காரர், 'சீக்கிரம், சீக்கிரம்'ங்கிறார். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க தம்பி! பக்கத்துலயே அந்தத் துறை வாத்தியார் நிக்கிறார், அவரை ஒருத்தரும் கேட்கலை. என்னைத்தான் கேட்கிறாங்க.

'பி.காமே போட்டுருங்க'ன்னேன்.

சொல்லிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா சொல்லியாச்சு. கம்ப்யூட்டர்காரரும் தட்டிட்டார். அச்சாகி வந்துருச்சு. பேராசிரியர் கல்லைப் பொண்ணு கையில திருப்பிக் குடுத்தார். போய் அவர் நாற்காலியில உட்கார்ந்துட்டார்.

யோசிச்சுப் பாருங்க, நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே? மாமா வேலை தர்றேன்னு சொல்லியிருக்கார். பொம்பளைப் பிள்ளை, வீட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிற வேலை. நாளைக்கு ஜியாலஜி படிச்சு வேலை கிடைக்கலைன்னா யார் பேரைச் சொல்வாங்க? என் பேரைத்தானே? என் நம்பர் வேற அவங்ககிட்ட இருக்கு.

வெளியில வந்ததும் கலியமூர்த்தி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். 'நல்லவேளை வந்தீங்க ஐயா'ன்னார். 'நான் ஜியாலஜிதான்னு முடிவே பண்ணிட்டேங்க. காலையில மச்சான்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் கிளம்பி வந்தேன். எம்பொண்ணு விருப்பப்பட்டதைப் படிக்கட்டும்யா, உன் வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க வந்து கண்ணைத் திறந்து விட்டீங்க. இப்பப் போய் மச்சான் கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணணும்.'

அப்பதான் தம்பி எனக்கு இந்த மூச்சு முட்டுறது ஆரம்பிச்சுது. அந்த ஆள் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கார். என்னைச் சும்மா கூட நிக்கத்தான் கூப்பிட்டிருக்கார். அதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு நின்னிருப்பேனே! திரும்பி உள்ள போய்ச் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். கால் வரலை. அந்தப் பேராசிரியர் இன்னும் அங்கதானே உட்கார்ந்திருப்பார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து ஏத்திவிட்டாங்க. வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் கலியமூர்த்தி எனக்குத் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வர்றேன்னு போனார். அந்தப் பொண்ணு கீழ படிக்கட்டுக்கிட்ட நின்னுச்சு. அழலை. அழுதிருந்தாக்கூட ஏதாவது சொல்லித் தேத்தியிருப்பேன். மெதுவா, யாருக்கும் கேட்கக் கூடாதுங்கிற மாதிரி கேட்டுச்சு.

'சார், நான் போன்ல கேட்ட கேள்வியெல்லாம் தப்புத் தப்பா இருந்துச்சா? அதை வச்சுத்தான் எனக்கு இது வராதுன்னு கண்டுபிடிச்சீங்களா?'

தம்பி, நீங்களே சொல்லுங்க. 'இல்லம்மா'ன்னு சொன்னா, 'அப்ப ஏன் சார்?'னு கேட்கும். அந்த ஏனுக்கு நான் எங்க போவேன்? டிரைவர் வேற வண்டியைக் கிளப்பிட்டார். கண்டக்டர் விசிலை வாயில வச்சுட்டார்.

'கொஞ்சம்'னு சொன்னேன். 'கொஞ்சம்தாம்மா.'

'சரி சார்'னு தலையை ஆட்டுச்சு. வண்டி நகர்ந்துருச்சு. நான் எட்டி முகத்தைப் பார்த்தேன். நம்பிடுச்சு தம்பி.